பதினைந்தாவது விதி

"வழி இருக்கா?" என்று ஹெஸ்டர் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

மணல் களத்துக்குள்ளிருந்து பதில் வரவில்லை. காரணம், உள்ளே ஒருவரும் இல்லை.

"உள்ளதான் ஈ காக்கா இல்லையே தாயே. கதவைத் தொறந்துக்கிட்டுப் போங்க," என்றார் டெஸ்மண்ட். அவளுக்குப் பின்னால் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஹெஸ்டர் கதவருகே இருந்த பலகையைக் காட்டினாள். மெட்காஃப் அம்மாளின் லாயத்தில் குதிரை கட்டியிருக்கும் எல்லோருக்கும் சவாரி பழக அந்த ஒரு களம்தான் பொது. எனவே விதிகள் உண்டு. எதிரே குதிரை வந்தால் எந்தப் பக்கம் விலகுவது, சாணத்தை யார் அள்ளுவது, எல்லாம் பலகையில் இருக்கும். கடைசியில் பதினைந்தாவதாக, கறுப்பு மையில் இப்படி இருந்தது: 'உள்ளே இருப்பவர் "வரலாம்" என்று சொல்லாமல் எவரும் நுழையக் கூடாது. மீறினால் லாயத்தைக் காலி செய்ய வேண்டும்.'

டெஸ்மண்ட் படித்தார். குதிரையை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த லாயத்தில் இடம் கிடைக்க ஒன்பது வருடம் ஆகும். அவர் எந்தக் குதிரைக்காக விண்ணப்பித்தாரோ அது போய்ச்சேர்ந்து, அதன் பேரனைத்தான் கொண்டுவந்து கட்டினார்.

"இது நேத்து இல்லையே."

"இன்னிக்கு இருக்குதே," என்றாள் ஹெஸ்டர். பெருமூச்சு விட்டாள்.

பாவம், அவளுக்கு அன்றைக்கு உள்ளே போயே ஆகவேண்டும். சனிக்கிழமை, லாயங்களுக்கு இடையே குதிரை நடைப் போட்டி. வியாழன் மாலை ஆறே முக்காலுக்குள் களத்தில் ஒரு சுற்றாவது வராதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு இது முதல் போட்டி. கணவர் நார்மன் பிறந்தநாள் பரிசாக அவள் பெயரைப் போட்டிக்குக் கொடுத்திருந்தார். மகன் லீட்ஸிலிருந்து வருகிறான். கைதட்டுவதற்கென்றே அக்கம்பக்கத்தார் ஒரு வேன் பிடித்திருந்தார்கள். திங்கள் மழை, செவ்வாய் தலைவலி, புதன் புட்டிங்குக்கு லாடம் கழன்றது. புட்டிங் அவளுடைய குதிரை. இன்று வியாழன், மணி ஆறு பத்து.

"நான் வேலியேறிக் குதிச்சு, உள்ளேருந்து 'வரலாம்'னு சொல்லிடவா?" என்றாள் மூன்றாவதாக வந்து நின்ற பிப்பா.

"விதி ஒன்பது. குதிரை இல்லாம களத்துல கால் வைக்கக் கூடாது," என்றாள் ஹெஸ்டர்.

"அப்போ குதிரையோடயே வேலியைத் தாண்டிடறேன்."

"விதி பதினொண்ணு. தாண்டும்போது பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்."

"மூணு பேர் நிக்கிறோமே."

"உள்ள நிக்கணும் பிப்பா."

"உங்களுக்காகத்தான் நாங்க மண்டையை உடைச்சுக்கறோம், நீங்க என்னடான்னா வக்கீல் மாதிரி பேசறீங்க," என்றார் டெஸ்மண்ட்.

"எனக்கு மட்டும் ஆசையா? என்னால உங்க யார் இடமும் போயிடக் கூடாது இல்ல?" என்றாள் ஹெஸ்டர். குரல் தழுதழுத்தது. பிப்பா மூக்கை உறிஞ்சினாள்.

மெட்காஃப் அம்மாளுக்குப் போன் போட்டார்கள். அவர் போனை எடுத்ததாக லாயத்தின் வரலாற்றிலேயே இல்லை. அன்றும் எடுக்கவில்லை.

ஆறரைக்கு வரிசையில் ஏழு குதிரைகள் நின்றன. பிளாஸ்க்கில் தேநீர் சுற்றி வந்தது, பிஸ்கட் சுற்றி வந்தது. கடைசிக் குதிரை நின்றபடியே குறட்டை விட்டது. கடிதம் கொடுக்க வந்த தபால்காரர்கூட வரிசையைப் பார்த்ததும் கடைசியில் போய் நின்றுகொண்டார். எதற்கென்று அவர் கேட்கவில்லை; அந்த ஊரில் அது மரியாதையில்லை.

ஆறு நாற்பதுக்கு டெஸ்மண்டின் குதிரை பொறுமையிழந்து, கதவுக்கு மேலாகத் தலையை உள்ளே நீட்டிக் கனைத்தது.

"பதில் வந்தாச்சு," என்றார் டெஸ்மண்ட். "தலை உள்ள இருக்கு. உள்ளேருந்துதான் சத்தம் வந்தது."

"உடம்பு வெளியில இருக்கே," என்றாள் ஹெஸ்டர்.

"பேசறது தலைதானே, வாலா பேசுது?"

"அது 'வரலாம்'னு சொல்லிச்சா, 'வராதே'ன்னு சொல்லிச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"என் குதிரைக்கு அவ்வளவு கெட்ட குணம் கிடையாது. ஓட்டு எடுத்துடுவோம். 'வரலாம்'னு கேட்டவங்க கையைத் தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. தபால்காரரும் தூக்கினார். அப்போது சேறு தெறிக்க ஒரு ஜீப் வந்து நின்றது. மெட்காஃப் அம்மாள் இறங்கினார்.

"என்ன எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கறீங்க? யாராவது துப்பாக்கி காட்டினாங்களா?"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் பதினைந்தாவது விதியைச் சொன்னார்கள். அவர் பலகையை நெருங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தார்.

"நான் பதினாலோட நிறுத்திட்டேனே. இதை எந்த மகராசன் எழுதினான்?"

டெஸ்மண்ட் 'ஹோ' என்று கூவித் தொப்பியை வானத்தில் எறிந்தார். பிப்பா கதவை விரியத் திறந்தாள். "ஆறு நாப்பத்துமூணு. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. ஹெஸ்டர், ஏறுங்க, ஏறுங்க," என்று நான்கு பேர் அவளைத் தூக்கியே சேணத்தில் உட்காரவைத்தார்கள். தபால்காரர் கைதட்டினார்.

ஹெஸ்டர் ஒரு கையால் கடிவாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கோட்டுப் பைக்குள் இருந்த கறுப்பு மார்க்கர் பேனாவை வெளியே தெரியாதபடி அடியில் தள்ளினாள்.