ஆயிரத்தில் ஒருத்தி

"செத்தான் இன்னிக்கு!" என்று பல்லைக் கடித்தபடி அவள் பொத்தானை அழுத்தினாள். மாமியாரின் போனிலிருந்து, மாமியாரின் பெயரில் பறந்த நூற்றெண்பத்தேழாவது புகார் அது.

மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி; இன்னும் வெளிவரவில்லை. காலையில் விழுங்கிய மாத்திரையை மதியம் மறுபடி விழுங்கச் சொன்னது. எங்கே தொட்டால் அப்படி உளறுகிறது என்பதைப் படத்தோடு புட்டுப் புட்டு வைத்திருந்தாள்.

அந்தச் செயலியைத் தயாரிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடம் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. மூன்று மாதம் முன்பு மேனேஜர் கூப்பிட்டார்.

"இனிமே வெளியிடுறதுக்கு முன்னாடியே பொதுஜனம் ஆயிரம் பேருக்குக் குடுத்துடப் போறோம்மா. அவங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லிடுவாங்க. நீங்க கிளம்பலாம்."

"வயசானவங்க உசிரோட விளையாடுறீங்க சார். எது தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆயிரத்துல ஒருத்தருக்குமா தெரியாமப் போயிடும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்று மாலையே மாமியார் பெயரில் அந்த ஆயிரத்தில் நுழைந்துகொண்டாள். முதலாளி முன்னால் அந்த ஆள் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்காமல் ஓய்வதில்லை என்று சபதம்.

"ஆபீஸ் போனப்போகூட நீ இப்படி உழைச்சதில்லையே!" என்றான் கணவன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செயலி வெளியாகும் நாளன்று, நிறையப் புகார் எழுதியவருக்குப் பாராட்டு என்று அழைப்பு வந்தது. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு அவளே போனாள். முதலாளி எதிரிலேயே மேனேஜரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும் வேகம் நடையில் தெரிந்தது.

பூங்கொத்தோடு நின்ற மேனேஜர் அவளைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "வாங்கம்மா" என்றார், எதிர்பார்த்தவர் போல.

அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தனை ஓட்டையும் கண்டுபிடிச்சது நான்தான் சார். மத்தவங்க யாராவது வாயைத் திறந்தாங்களா?"

"இல்லம்மா. 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு எழுதினதோட சரி."

"அப்புறம் எதை நம்பி என்னை வெளியே அனுப்பினீங்க?"

அவர் பூங்கொத்தை அவள் கையில் வைத்தார்.

"உங்க கோபத்தை நம்பித்தாம்மா!"