எழுதினது நான்தான்

"செத்தவர் எழுந்து வந்து கேட்கவா போறாருன்னுதானே இப்படிப் புளுகினீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து கத்தினாள், டைல்ஸ் கடைக்காரி.

தபேலா மாமா நிமிரவில்லை. சின்னச் சுத்தியலால் தபேலாவின் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா சினிமாவுக்குப் பாட்டெழுதிய காலமெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவர்.

"வாம்மா. தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்க வரலை. சண்டை போட வந்திருக்கேன்!"

காலையில் ரேடியோவில், பழைய பாட்டுகள் பிறந்த கதையைச் சொல்லும் நிகழ்ச்சி. மாமாதான் விருந்தாளி. ஊரே முணுமுணுக்கும் அப்பாவின் அந்த ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். மனுஷன் கூசாமல் சொன்னார்: "பேர்தான் அவனுது. அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். எழுதினது நான்தான்."

"எங்கப்பா எவ்வளவோ எழுதினாரு. ஜனங்க ஞாபகம் வச்சிருக்கிறது அது ஒண்ணைத்தான். அதுலயும் கை வச்சுட்டீங்களே! ரேடியோக்காரங்களுக்கு இப்பவே போன் போடுங்க. சொன்னது பொய்னு சொல்லுங்க."

"மத்த பாட்டெல்லாம் அவனுதுன்னு சத்தியம் பண்றேன். இது ஒண்ணை மட்டும் விட்டுடு."

"ஒரு வரிகூட விட மாட்டேன்."

"சரி, ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினோம்னு சொல்லட்டுமா?"

"பேரமா? நாள் பூரா கடையில நான் பண்றதே அதான். என்கிட்டயேவா?"

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப கடைசியா ஒண்ணு சொல்றேன். உங்கம்மா இருக்கிற வரைக்கும் அது என் பேர்ல இருக்கட்டும். அப்புறம் நீயே ஊரைக் கூட்டிச் சொல்லு, கிழவன் புளுகிட்டான்னு."

"அம்மாவை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?"

"அவ கேட்டாளா ரேடியோவை? என்ன சொன்னா?"

சுள்ளென்று பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு, காலையில் வீட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. இவள் ஆத்திரத்தில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா துணி மடித்தபடி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அது ரேடியோவில் வந்தாலே எழுந்துபோய் அணைத்துவிடுகிற அம்மா! கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது போல என்றுதான் இவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"பாடினாங்க, மாமா."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாடினாளா? நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பாட்டுல மாடி ஜன்னல்ல நின்னு ஒருத்தி கையசைப்பாளே... உங்கம்மா பிறந்த வீட்டுக்கும் மாடி இல்லை, வாழ வந்த வீட்டுக்கும் இல்லை. 'யாரு அவ'ன்னு நாப்பது வருஷம் உங்கப்பாவைக் கேட்டா. அவன் வாயே திறக்கலை. அவன் போனப்புறம் என்னைக் கேட்டா."

கடைக்காரியின் குரல் இறங்கிவிட்டது.

"யாரு மாமா அவ?"

"நான் ஒண்டிக்கட்டை. அவ எனக்கு வேண்டியவளாவே இருந்துட்டுப் போகட்டும்மா. என்னை யாரு கேட்கப் போறாங்க?"