பதினொன்றாம் குறிப்பு

திராட்சைப் பந்தலுக்கு அடியில், கவிழ்த்த பழப்பெட்டியின் மேல் வார இதழுக்கு நான் அமைத்த குறுக்கெழுத்துத் தாள் விரிந்திருக்கிறது. இலை இடுக்கில் விழும் வெயில் கட்டங்களின் மேல் அசைகிறது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பென்சிலால் நிரப்புகிறார். அச்சுக்குப் போகுமுன் என் மனைவி நசீமாதான் புதிரைப் போட்டுப் பார்ப்பாள். ஒளித்து வைக்கலாம், ஏமாற்றக் கூடாது என்பாள். அவள் இறந்தபின் இந்த எட்டு மாதத்தில், ஒரு வாரம் சப்பை, மறுவாரம் யாருக்கும் அவிழவில்லை என்று வாசகர் கடிதங்கள். இந்த வாரமும் சரியில்லையென்றால் பகுதியை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் போட்டுப் பார்க்கச் சொல்லி அவள் அத்தாவிடம், மாமாவிடம், வந்திருக்கிறேன். பத்துக் குறிப்புகளில் திணறியவர் பதினொன்றில் நிற்கவே இல்லை. ‘கொத்தாய்த் தொங்கும், மிளகாய்ப்பொடி தேடும், நான்கு எழுத்து.’ திராட்சை என்று எழுதிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

“மாப்ள, ஊர்ல அம்புட்டுப் பேரும் மாங்காய்னுல்ல எழுதுவாக. அதுவும் நாலெழுத்துதான?”

“அப்ப நீங்க எப்படி மாமா போட்டீக?”

“திராட்சைய மிளகாப்பொடியில முக்கித் தின்ன கிறுக்கி, உலகத்துலயே எம்மக ஒருத்திதான?” சிரிக்கிறார். “படிக்கிற சனத்துக்கு அவளத் தெரியாதுல்ல. இது அநியாயம் மாப்ள. அழிச்சிருங்க.”

எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. ரப்பரை எடுக்கிறேன். அவர் கட்டைவிரல் அந்த நான்கு கட்டங்களின் மேல் இருக்கிறது. அவராக எடுக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.