ஓட்டியவர் பெயர்

"கதவைச் சாத்திட்டு உட்காரு தம்பி."

கிளார்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக மேனேஜர் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்ததெல்லாம் "யோவ்" மட்டும்தான். திடீரென்று "தம்பி" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"நிக்கிறேன் சார், பரவாயில்ல."

"காலையில ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தியே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேக்கல சார்."

"அதான் மனுஷத்தன்மை." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சின்னச் சிக்கல். காலையில வரும்போது மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சைக்கிள்காரனை லேசா உரசிட்டேன். இப்பதான் ஸ்டேஷன்லேருந்து போன். கேமராவுல கார் நம்பர் விழுந்திருக்காம், ஓட்டின ஆள் முகம் தெரியலையாம். நாலு மணிக்குள்ள ஓட்டினவரைக் கூட்டிக்கிட்டு வாங்கங்கறார் இன்ஸ்பெக்டர்."

கிளார்க் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த மாசம் எனக்கு மண்டல மேனேஜர் பதவி வருது. இப்போ கேஸுன்னு ஒண்ணு விழுந்தா எல்லாம் போச்சு! அவசர வேலைக்காக என் காரை நீ எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிடு. உன் ப்ரமோஷன் ஃபைல் என் மேஜையிலதான் தூங்குது, நாளைக்கே எழுப்பி விடறேன். லைசென்ஸ் இருக்கில்ல?"

"இருக்கு சார். கார்தான் இல்ல."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். காரியம் ஆக வேண்டும் என்றால் சுமாரான ஜோக்குக்குக்கூட அப்படித்தான் சிரிப்பார்.

"அங்க போய் நான் உளறிடக் கூடாது சார். எப்படி நடந்ததுன்னு முழுசா சொல்லுங்க" என்று கிளார்க் பேனாவை எடுத்தார். விபத்து நடந்த விதத்தைக் கேட்டு எழுதுவது அவருக்கு அன்றாட வேலை. அவர் எழுதி வைப்பதில் சைக்கிள்காரர்களின் மனுக்களை மட்டும் "கவனக்குறைவு" என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது மேனேஜரின் அன்றாட வேலை.

"எல்லாம் அவன் தப்புதான். ஓரமா போக வேண்டியவன் நடுரோட்டுக்கு வந்துட்டான்."

"ஓரத்துல இடம் இருந்துச்சா சார்?"

"லாரி நின்னுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஹாரன் அடிச்சீங்களா?"

"அடிச்சேனே!"

கிளார்க் எழுதாமல் அவரையே பார்த்தார்.

"சரி, அடிக்கல. கையில போன் இருந்துச்சு. யோவ், என்கிட்டயே விசாரணையா?"

"அவங்க மாத்தி மாத்திக் கேப்பாங்க சார். அவர் எப்படி விழுந்தாரு?"

"குப்புற. கண்ணாடியில பார்த்தேன்."

"இறங்கிப் பாக்கலையா?"

"கூட்டம் கூடினா தர்ம அடி விழும்யா! முதுகுதான் தெரிஞ்சது. தினம் நூறு பேர் சைக்கிள்ல குறுக்க வர்றான். ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்துக்கிட்டிருந்தா நான் ஆபீஸ் வந்து சேர்ந்த மாதிரிதான்."

கிளார்க்குக்குச் சுருக்கென்றது. "உயிரோட இருக்காரான்னுகூடவா சார் தோணல?"

"செத்திருந்தா இந்நேரம் போன்ல சொல்லியிருக்க மாட்டாங்களா?"

கிளார்க்குக்கு வந்த கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது. அதை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"கார் இடிச்ச நேரத்துல நான் மேம்பாலத்துக்குக் கீழதான் இருந்தேன்னு சொல்றேன் சார். போதுமா?"

"அட, உனக்குள்ள இப்படி ஒரு மூளையா! அதுவே போதும்யா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

மூன்றே முக்கால் மணிக்கு இரண்டு பேரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேனேஜர் ஆரம்பித்துவிட்டார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார், பார்த்து ஓட்டுன்னு! கேட்டாத்தானே? ரோட்டுல சைக்கிள்ல போறவனும் மனுஷன்தானேங்கற நெனைப்பு வேண்டாம்? இவனை மாதிரி ஆளுங்களைச் சும்மா விடவே கூடாது சார்!"

பேசப் பேச அவருக்கே அது உண்மையாகிவிட்டது. கண்கூட லேசாகக் கலங்கியது.

இன்ஸ்பெக்டர் கிளார்க்கைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், மறுபடியும் கிளார்க்கைப் பார்த்தார்.

"காரை ஓட்டினது இவரா?"

"இவனேதான் சார்! எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

"போடலாம், அவசரமில்ல" என்ற இன்ஸ்பெக்டர், மேனேஜர் பக்கம் திரும்பினார். "அப்போ அந்தக் கார் இடிச்சு சைக்கிளோட குப்புற விழுந்தேன்னு, காலையில இங்க வந்து புகார் கொடுத்துட்டுப் போனாரே இவர், அதுக்கு என்ன சொல்றீங்க?"