மஞ்சள் ஏறாத தண்ணீர்

நீர்த்தொட்டியின் அடியிலுள்ள சிறிய அறையில், பேரூராட்சித் தலைவி சோதனைக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். இரண்டு சொட்டு சோதனை மருந்து விட்டால், குளோரின் கலந்த தண்ணீர் மஞ்சளாகும். மூன்றாம் முறையும் அது பளிங்கு போலவே இருக்கிறது. "இன்னொரு சொட்டு விடட்டுமாம்மா?" என்கிறார் வால்வுக்காரர். "புட்டியையே கவுத்தாலும் இப்படித்தாண்ணே இருக்கும்." அவர் குனிந்து குளோரின் கேனைத் தூக்குகிறார். ஒரு விரலிலேயே வந்துவிடுகிறது. அதோடு இணைந்த குட்டிப் பம்பு மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. "சத்தம் கேட்டுச்சும்மா. குளோரின் ஓடுதுன்னு நெனச்சிட்டேன்." "எத்தனை நாளா?" அவர் காலிக் கேனை மெல்லக் கீழே வைக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் வயிற்றுப்போக்கில் ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்டித் திறந்த அன்று, சன்னலுக்கு எதிரே தெரிகிற தெருக்குழாயில் முதல் டம்ளரை அவள்தான் குடித்தாள். "இனிமே யாரும் காய்ச்ச வேணாம். நான் பொறுப்பு" என்றாள். அன்றிலிருந்து ஊரில் யாரும் காய்ச்சுவதில்லை. "வால்வை மூடுங்கண்ணே, ஓடுங்க!" குழாய்களுக்குள் ஏற்கெனவே போய்விட்ட தண்ணீரை எந்த வால்வு நிறுத்தும்? தெருக்குழாயடியில் ஒரு தாய், பள்ளிச் சீருடை போட்ட மகளுக்கு டம்ளரை நிரப்பிக் கொடுக்கிறாள். தலைவி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குடிக்காதே!" என்று கத்துகிறாள். வெளியே தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் இரைச்சல் அந்தக் குரலை விழுங்கிவிடுகிறது. கையை வெளியே நீட்டிப் பதறி ஆட்டுகிறாள். தாய் நிமிர்ந்து பார்த்து முகம் மலர்கிறாள். "தலைவரம்மா பாரு, கும்பிடு" என்று மகளின் தோளைத் தட்டுகிறாள். சிறுமி அவசரமாக டம்ளரைக் காலி செய்துவிட்டு, ஈரக் கைகளைக் குவிக்கிறாள்.