யார் இல்லாமல் நடக்கும்?

"இந்தப் பிரிவுக்கு நாலு பேர் போதும். அஞ்சாவது ஆள் கூடுதல்," என்றான் ஸ்ரீசரண்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகன். ஜங்ஷன் பக்கத்தில் இருந்த அந்த மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியில் வேலை எப்படி நடக்கிறது என்று ஆராய, முதலாளி வரவழைத்த ஆள். இரண்டு வாரமாக ஸ்டாப்வாட்ச்சும் கையுமாகப் பேக்கிங் பிரிவில் நின்றான்.

"அந்த அஞ்சாவது ஆள் யாரு சார்?" என்று கேட்டான் மதார்.

"அதை நான் சொல்லக் கூடாது. மாற்றம் உங்களுக்குள்ளே இருந்து வரணும். யார் இல்லாட்டாலும் வேலை நடக்கும்னு ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்க. எழுதினது யாருன்னு போட வேண்டாம்."

அவன் போனதும் மதார் சொன்னான்: "கழுத்தறுக்க வந்தவன் கத்திய நம்ம கையில குடுத்துட்டுப் போறான், பாத்தீரா வே?"

அலமாரியிலிருந்து மருந்து எடுத்து வைக்கும் குற்றாலலிங்கம் சீட்டோடு மேஜை முன்னால் உட்கார்ந்தார். யார் பேர் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இசக்கியப்பன்தான். பாதி நாள் செல்போன், பாதி நாள் டீக்கடை. ஆனால் இசக்கியப்பனுக்கு அவர் கையெழுத்து தெரியும். தெரிந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து சட்டையைப் பிடிப்பான்.

எதிரே பிரம்மநாயகி உட்கார்ந்திருந்தாள். பெட்டியை ஒட்டுவதற்கு முன் மருந்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது அவள் வேலை. போன மாதம் ராதாபுரத்துக் கடைக்குப் பிள்ளைகள் மருந்துக்குப் பதில் பெரியவர்கள் மருந்தைக் குற்றாலலிங்கம் எடுத்து வைத்துவிட்டார். "மாறிப்போச்சு அண்ணாச்சி," என்று மெதுவாகச் சொல்லி மாற்றி வைத்தாள். பதிவேட்டில் எழுதவில்லை. யார் தப்பையும் அவள் எழுதியதில்லை. அதனால் ஸ்ரீசரணின் கணக்குத் தாளில் அவள் ஒரு தப்பும் பிடிக்காமல் சும்மா இருந்தவள்.

வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம்.

ஆனால், விஷயம் தெரிந்தாலும் கோபப்படாத ஒரே ஆள் அவள்தான்.

மதார், பெட்டி ஒட்டும் விஜயஸ்ரீ, பிரம்மநாயகி மூன்று பேரும் எப்படியும் இசக்கியப்பனைத்தான் எழுதுவார்கள். தன் ஒரு சீட்டால் என்ன வந்துவிடப் போகிறது?

பிரம்மநாயகி என்று எழுதி, நாலாக மடித்துப் போட்டார்.

மூன்று மணிக்கு ஸ்ரீசரண் பெட்டியைத் திறந்தான். சீட்டுகளைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்தான்.

"அஞ்சு சீட்டு. அஞ்சிலும் பிரம்மநாயகி. இத்தனை ஒற்றுமையை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை."

மதார் தரையைப் பார்த்தான். விஜயஸ்ரீ ஒட்டின பெட்டியையே மறுபடி ஒட்டினாள். இசக்கியப்பன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பிரம்மநாயகி சாப்பாட்டுப் பையை எடுத்தாள். குற்றாலலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து பேர், ஐந்து சீட்டு.

"ஏம்மா, ஒன் பேர நீயேவா எழுதுன?"

"ஆமா அண்ணாச்சி. அடுத்தவுக பேர எழுதக் கை வரல. அஞ்சு சீட்டுல அஞ்சு வேற வேற பேரு இருந்தா, அந்தத் தம்பி யாரன்னு அனுப்பும்?"

மேஜையில் இருந்த சீட்டுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாரும் அவுகவுக பேரத்தான் எழுதுவீயன்னு நெனச்சேன்."