ரெண்டு மூட்டைப் பனங்கொட்டை

ஒன்பது வருஷமாகச் சுப்பராயலுவுக்கு அந்தக் கதையில் சந்தேகம். ஊரே நம்பியது, அவரால் மட்டும் முடியவில்லை.

கதையைச் சொன்னவன் காத்தவராயன். அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பாகூர்ப் பக்கத்துச் சித்தேரியில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்தவன்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய புரட்டாசியில், பிரான்ஸில் குடியேறிவிட்ட ஊர்க்காரர் ராஜ்குமார் வந்திருந்தார், ஏழு நாட்டு விருந்தாளிகளோடு. ஏரிக்கரையில் பந்தல், மைக், பிரியாணி.

"நாமெல்லாம் உலகக் குடிமக்கள். பூமிதான் நம்ம வீடு!" என்று மைக்கில் முழங்கினார் ராஜ்குமார்.

எல்லோருக்கும் பச்சை பேட்ஜ் குத்தினார்கள். சுப்பராயலு ஏரிச் சங்கத் தலைவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் பெரிய பேட்ஜ்.

காத்தவராயன் மட்டும் நகர்ந்துகொண்டான். "நமக்கு உலகம்லாம் தெரியாதுபா. இந்த மதகுலேர்ந்து அந்த மதகு வரைக்கும்தான் நம்ம எல்லை."

விருந்தாளிகள் ஆளுக்கொரு பனங்கொட்டை நட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள். மீதி இரண்டு மூட்டையைக் கரை நெடுக நடுவது சங்கத்தின் பொறுப்பு.

தை மாதம் ராஜ்குமார் போனில் கேட்டார், "மொளைச்சிடுச்சா?"

போய்ப் பார்த்தால் கரையில் ஒன்றுமில்லை. காத்தவராயன் மண்வெட்டியும் கோணியுமாகக் கொட்டைகளைத் தோண்டி எடுத்ததைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். சங்கம் கூடியது.

"இன்னாடா பண்ணே கொட்டையை?"

"வூட்டாண்ட பாத்தி போட்டேன். கிழங்கு வுட்டுச்சு. பொங்கலுக்கு அவிச்சுத் தின்னுட்டேன்."

"ரெண்டு மூட்டையுமா?"

"பசி, சுப்பராயலு." அவரைப் பார்த்தேதான் சொன்னான்.

"உலகத்துக்கே நெழல் குடுக்க வெச்சதை ஒரே வயிறு முழுங்கிடுச்சே!" என்றாள் சங்கத்து உறுப்பினர் வைஜெயந்தி. கூட்டம் சிரித்தது.

எந்த இடத்தில் தோண்டினான் என்று யாரும் கேட்கவில்லை. சுப்பராயலுவும் கேட்கவில்லை.

மதகு வேலை போயிற்று. கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் சுப்பராயலுதான். காத்தவராயன் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனான். ஊரில் அவன் பெயர் 'கிழங்கு காத்தான்' ஆயிற்று.

போன வாரம் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அதைத் தேடித் தென்கரைக் கோடிக்குப் போன சுப்பராயலு அப்படியே நின்றுவிட்டார்.

பனை! ஆள் உயரத்துக்கு ஓலை விரித்து, எட்டடிக்கு ஒன்றாக, முள்ளுக்கு நடுவே வரிசை போய்க்கொண்டே இருந்தது. முதல் சில வருஷம் பனை புல் மாதிரிதான் கிடக்கும். யார் கண்ணில் படும்?

டீக்கடையில் காத்தவராயனைப் பிடித்தார்.

"நீ தின்ன கிழங்கெல்லாம் தென்கரையில நிக்குதேடா!"

"அப்படியா? செரிக்கல போலக்குது."

"ஏன்டா பொய் சொன்னே?"

"டீ ஆறுது, குடி."

சுப்பராயலு கிளாஸைத் தொடவில்லை. அந்தப் பெரிய பேட்ஜ் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஒன்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"பிரியாணி ஆறிடும்னு ரெண்டு மூட்டையையும் ஒரே குழியில கொட்டி மூடிட்டுப் போனது நான்தான்னு, உனக்கு அப்பவே தெரியுமாடா?"